தொண்ணூறா, நூற்று நாற்பதா?

தில்லியின் சஞ்சய் காந்தி டிரான்ஸ்போர்ட் நகர் ஆகட்டும், மும்பைக்குப் பக்கத்திலுள்ள கலம்போலி ஆகட்டும், லாரிப் பட்டறைகளில் கியர் ஆயிலுக்குப் பெயர் கிடையாது. எண்தான். தொண்ணூறு அல்லது நூற்று நாற்பது. இந்தி தெரியாத நாமக்கல் டிரைவர்கூட 'நைன்ட்டி' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், வேலை நடந்துவிடும். பல இடங்களில் ஒரே டிரம்மிலிருந்துதான் கியர் பாக்ஸுக்கும் ஊற்றுகிறார்கள், பின் ஆக்சிலில் இருக்கும் கிரவுனுக்கும் ஊற்றுகிறார்கள். ஆயில் கெட்டியாக இருக்க வேண்டும், கந்தக நெடி மூக்கைத் துளைக்க வேண்டும். நெடி எவ்வளவு தூக்கலோ அவ்வளவு சக்தி என்பது பட்டறைச் சித்தாந்தம்.

கிரவுனைப் பொறுத்தவரை இது பாதி சரி. கியர் பாக்ஸைப் பொறுத்தவரை தவறு. பெரும்பாலான லாரிகளின் கியர் பாக்ஸில் அடங்குவது பத்துப் பதினைந்து லிட்டருக்குள்தான் என்பதால், செலவுக் கணக்கில் இது ஒரு பெரிய விஷயமாகத் தெரிவதில்லை. ஆனால் முழு லோடுடன் கசாரா மலைப்பாதையில் இறங்கும் லாரியைக் கட்டுக்குள் வைத்திருப்பது பிரேக் மட்டுமல்ல. கீழ் கியரைப் போட்டு எஞ்சினையே பிரேக்காக்கிக்கொண்டுதான் அனுபவமுள்ள டிரைவர்கள் இறங்குகிறார்கள். நான்கிலிருந்து மூன்றுக்கு மாற்றும்போது மூன்று விழ மறுத்தால் வண்டி அந்த நேரத்தில் நியூட்ரலில் ஓடுகிறது. பிறகு எல்லாம் பிரேக் லைனிங்கின் தயவு. லைனிங் சூடேறிவிட்டால் அந்தத் தயவும் கிடையாது.

கியர் விழாததற்குக் காரணம் பல இருக்கலாம். கிளட்ச் சரியாக விலகாமல் இருக்கலாம், லிங்கேஜ் தேய்ந்திருக்கலாம். மெக்கானிக்குகள் இவற்றையெல்லாம் வரிசையாகப் பார்க்கிறார்கள். கடைசியாகத்தான் ஆயிலின் நினைவு வருகிறது. பல சமயம் அதுவும் வருவதில்லை.

டின்னில் இரண்டு தனித்தனித் தகவல்கள் இருக்கின்றன என்பதுதான் பலருக்கும் பிடிபடாத விஷயம். 80டபிள்யூ-90, 85டபிள்யூ-140 போன்ற எண்கள் ஆயிலின் கெட்டித்தன்மையை மட்டும் சொல்கின்றன. இதை வகுத்தது எஸ்.ஏ.இ. என்ற அமெரிக்க வாகனப் பொறியாளர் சங்கம். ஆயிலில் என்ன ரசாயனம், எவ்வளவு வீரியம் என்பதைச் சொல்வது அதன் அருகே சின்ன எழுத்தில் இருக்கும் ஜிஎல்-4, ஜிஎல்-5 என்ற குறி. இது அமெரிக்கப் பெட்ரோலியக் கழகத்தின் வகைப்பாடு. 'நைன்ட்டி கொடு' என்று கேட்பவர் முதல் தகவலை மட்டும் கேட்கிறார். இரண்டாவதைக் கடைக்காரரின் விருப்பத்துக்கு விட்டுவிடுகிறார்.

கிரவுனில் பல்லோடு பல் மோதுவது வேறு விதம். ஹைப்பாய்டு அமைப்பில் பினியன், கிரவுன் சக்கரத்தின் மையத்துக்குக் கீழே தள்ளிப் பொருத்தப்பட்டிருக்கும். பற்கள் உருள்வதோடு நில்லாமல் கடும் அழுத்தத்தில் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கவும் செய்கின்றன. அந்த அழுத்தத்தில் எந்த எண்ணெய்ப் படலமும் பிதுங்கி விலகிவிடும். எனவேதான் கந்தகமும் பாஸ்பரஸும் கலந்த சேர்க்கைப் பொருள்கள். சூட்டில் இவை உருக்குப் பரப்போடு வினைபுரிந்து மெல்லிய காப்புப் பூச்சை உண்டாக்குகின்றன. தேய்வது அந்தப் பூச்சுதான், பல் தப்பிக்கிறது. ஜிஎல்-5 ஆயிலில் இந்தச் சேர்க்கை பொதுவாக ஜிஎல்-4ஐப்போல் ஏறத்தாழ இரு மடங்கு. கிரவுனுக்கு இது தேவை. பணத்தை மிச்சம்பிடிக்க அங்கே வீரியம் குறைந்த ஆயிலை ஊற்றினால் பற்கள் பொரிந்துபோகும்.

கியர் பாக்ஸுக்குள் இருப்பவை பெரும்பாலும் சாய்ந்த பற்கள் கொண்ட ஹெலிகல் கியர்கள். அவற்றுக்கு இவ்வளவு வீரியம் வேண்டியதில்லை. இன்னொன்றும் அங்கே இருக்கிறது. சிங்க்ரனைசர் என்ற வளையம். பட்டறைகளில் சிங்க்ரோ ரிங். பல லாரிகளில் இது பித்தளை அல்லது வெண்கலம். கியர் மாற்றும்போது இந்த வளையத்தின் கூம்புப் பரப்பு கியரின் கூம்பை உரசிப் பிடித்து, இரண்டின் வேகத்தையும் சமமாக்குகிறது. வேகம் சமமான பிறகே பற்கள் ஓசையின்றி உள்ளே நழுவும். அதாவது உராய்வைக் குறைப்பதற்கென்றே பிறந்த ஆயில், இந்த ஓர் இடத்தில் மட்டும் கொஞ்சம் உராய்வை விட்டுவைக்க வேண்டும். வீரியம் மிகுந்த ஆயில் அதை விட்டுவைப்பதில்லை. வளையம் வழுக்குகிறது, வேகம் சமமாவதற்குள் டிரைவர் லீவரைத் தள்ளுகிறார், 'கர்ர்' என்ற சத்தம். போதாததற்கு, சுறுசுறுப்பான கந்தகம் சூட்டில் செம்பு கலந்த உலோகங்களை மெல்ல அரிக்கவும் செய்யும். இன்றைய ஜிஎல்-5 ஆயில்களில் இந்த அரிப்பைப் பெருமளவு அடக்கிவிட்டார்கள் என்பது உண்மை. ஆனால் வழுக்கும் பிரச்சினை தனியாக இருந்துகொண்டுதான் இருக்கிறது.

பழைய கான்ஸ்டன்ட் மெஷ் கியர் பாக்ஸ்களில் சிங்க்ரோ ரிங்கே கிடையாது. டிரைவர் டபுள் கிளட்ச் அடித்து, காதால் எஞ்சினின் வேகத்தைக் கணித்து கியர் போடுவார். வளையம் இல்லாத இடத்தில் வளையம் கெட என்ன இருக்கிறது? ஒரே டிரம் பழக்கம் அந்தக் காலத்து மிச்சமாக இருக்கலாம். லாரி மாறிவிட்டது, டிரம் மாறவில்லை.

எண்ணைப் பற்றியும் ஒரு மயக்கம் உண்டு. எஞ்சினுக்கு 40, கியர் பாக்ஸுக்கு 90 என்றதும் இரண்டாவது இரு மடங்குக்கு மேல் கெட்டி என்று நினைப்பது இயல்பு. இவை வெவ்வேறு அளவுகோல்கள். நூறு டிகிரி செல்சியஸில் 90 நம்பர் கியர் ஆயில் 13.5 முதல் 18.5 சென்டிஸ்டோக்ஸ் வரை இருக்கலாம். 40 நம்பர் எஞ்சின் ஆயில் 12.5 முதல் 16.3 வரை. கிட்டத்தட்ட சகோதரர்கள். 140 நம்பர்தான் நிஜமாகவே கெட்டி, 24 முதல் 32.5 வரை. இடைவெளி பெரிது என்பதால் 2005ல் நடுவே 110 என்ற படியைச் சேர்த்தார்கள். பட்டறைகளில் அந்த எண்ணை உச்சரிப்பவர்கள் அரிது.

கியர் பாக்ஸ் முனகினாலோ சீல் வழியே ஆயில் கசிந்தாலோ 140 ஊற்றுவது நாடு தழுவிய வைத்தியம். முனகல் அடங்கும், ஏனெனில் கெட்டி ஆயில் சத்தத்தை மூடிவிடுகிறது. தேய்ந்த பேரிங் தேய்ந்தபடியேதான் இருக்கிறது. அதிகாலையில் கியர் லீவர் களிமண்ணில் நட்ட கம்பு போல நகர மறுக்கும். கெட்டி ஆயிலைக் கலக்கிக்கொண்டு சுற்றும் சக்கரங்கள் டீசலையும் கூடுதலாகக் குடிக்கும். பழைய வண்டியை விற்கும் முன்பு 140 ஊற்றும் தரகர்கள் பற்றி வாங்குபவர்களுக்குத் தெரிந்திருப்பது நல்லது.

வட இந்தியாவில் ஓடும் லாரிக்கு வெயிலும் குளிரும் ஒரே பருவத்தில் கிடைத்துவிடும். ராஜஸ்தானின் பலோதியில் 2016 மே மாதம் 51 டிகிரி பதிவானது. அந்தப் பக்கம் சரக்கு ஏற்றிய வண்டி 3,528 மீட்டர் உயரத்திலுள்ள சோஜி லா கணவாயைத் தாண்டி திராஸ் வழியாக லே போக வேண்டியிருக்கும். 'டபிள்யூ'வுக்கு முன்னால் உள்ள எண் இந்தக் குளிருக்கானது. 85டபிள்யூ ஆயில் மைனஸ் 12 டிகிரி வரை ஓடும் தன்மையோடு இருந்தால் போதும் என்கிறது விதி. 80டபிள்யூவுக்கு மைனஸ் 26, 75டபிள்யூவுக்கு மைனஸ் 40. ஆக, லடாக் பக்கம் போகும் வண்டியில் 85டபிள்யூ-140 ஊற்றுவது காலையில் வண்டிக்கு அடியில் தீ மூட்டத் தயாராவதற்குச் சமம்.

அப்படியானால் எதை ஊற்றுவது? பதில் வண்டியோடு வந்த கையேட்டில் இருக்கிறது. கையேடு பெரும்பாலும் ஓனர் வீட்டு பீரோவில் இன்ஷூரன்ஸ் தாள்களோடு தூங்குகிறது. அதில் ஜிஎல்-4 80டபிள்யூ-90 என்றிருந்தால் அதுதான். ஜிஎல்-5 என்றே எழுதியிருந்தால், அந்தக் கியர் பாக்ஸின் வளையங்களை அந்த ஆயிலோடு சோதித்துத்தான் எழுதியிருக்கிறார்கள், தயங்க வேண்டியதில்லை. மாலிப்டினம் பூசிய வளையங்கள் கொண்ட கியர் பாக்ஸ்களும் உண்டு, அவற்றின் தேவை வேறு. ஜெர்மனியின் இசட்எஃப் போன்ற கியர் பாக்ஸ் கம்பெனிகள் தாங்கள் ஒப்புக்கொண்ட ஆயில்களுக்குத் தனிப் பட்டியலே வைத்திருக்கின்றன. லாரி கியர் பாக்ஸ்களுக்கானது டிஇ-எம்எல் 02. 'இரண்டுக்கும் ஏற்றது' என்று ஜிஎல்-4, ஜிஎல்-5 இரண்டையும் அச்சிட்ட டின்களும் கடையில் கிடைக்கின்றன. அதைச் சொல்வது ஆயில் கம்பெனி. கியர் பாக்ஸ் செய்தவர் ஏற்றிருக்கிறாரா என்று பார்த்துவிட்டு வாங்கலாம். புதிய லாரிகள் சிலவற்றில் நீண்ட நாள் தாங்கும் சிந்தெடிக் ஆயில் ஊற்றியே அனுப்புகிறார்கள். அதில் லெவல் குறைந்தது என்று வழியோரக் கடையின் நைன்ட்டியைக் கலந்தால், நீண்ட நாள் என்ற கணக்கு அன்றோடு முடிந்தது.

சரியான ஆயிலும் உதவாத ஒரு நிலை உண்டு. பல கியர் பாக்ஸ்களில் கீழே சுழலும் கவுன்டர் ஷாஃப்ட்தான் ஆயிலை வாரி மேலே அடிக்கிறது. எஞ்சினை அணைத்து நியூட்ரலில் சரிவில் உருட்டும்போதும், பழுதான வண்டியைக் கயிறு கட்டி இழுத்துப் போகும்போதும் அது சுழல்வதில்லை. மேலே உள்ள மெயின் ஷாஃப்ட் மட்டும் சக்கரங்களோடு சேர்ந்து உலர்ந்தபடி சுற்றிக்கொண்டிருக்கும். தூரம் இழுக்க வேண்டுமானால் புரொப்பெல்லர் ஷாஃப்டைக் கழற்றிவிட்டு இழுக்கச் சொல்வது இதனால்தான்.

ஆயில் மாற்றும் நாளில் டிரெயின் பிளக்கை ஓனரோ டிரைவரோ கையில் வாங்கிப் பார்ப்பது பயனுள்ளது. அதன் காந்தத்தில் சேறு போல ஒட்டியிருக்கும் கறுத்த இரும்புத் தூள் ஓரளவு சகஜம். சில்லுகளாக இருந்தால் பல் உடைந்திருக்கிறது. பித்தளை காந்தத்தில் ஒட்டாது. வடித்த ஆயிலை ஒரு தட்டில் ஊற்றி வெயிலில் சாய்த்தால் பொன் தூவியது போல மின்னும், அது சிங்க்ரோ ரிங். பட்டறைப் பையன் பழைய ஆயிலை டப்பாவில் கொட்டுவதற்கு முன்பே கேட்டு வாங்க வேண்டும். அதற்கும் ஒரு விலை இருக்கிறது, வாங்க ஆளும் இருக்கிறது.