தூதர்கள் கேட்டதும் நாடு கற்றதும்
திப்பு காலம் முதல் ‘நிசார்’ வரை ஓர் ஆய்வு

ஸ்ரீரங்கப்பட்டணம்:

பெங்களூர்–மைசூர் ரயில் பாதையை இரட்டைப் பாதையாக்கும் வேலை நடந்தபோது, ஸ்ரீரங்கப்பட்டணம் ரயில் நிலையத்தருகே திப்பு சுல்தான் காலத்து ஆயுதக் கிடங்கு ஒன்று குறுக்கே நின்றது. அதை இடிக்க மனமில்லை. பாதையைத் திருப்பவும் இடமில்லை. கடைசியில் அமெரிக்கக் கம்பெனி ஒன்றும் இந்தியக் கம்பெனி ஒன்றும் சேர்ந்து, சுமார் ஆயிரம் டன் எடையுள்ள அந்தக் கட்டிடத்தை 2017 மார்ச்சில் ஏறக்குறைய 130 மீட்டர் தூரம் அப்படியே நகர்த்தி வைத்தன.

அயல்நாட்டுத் தொழில்நுட்பத்தை வரவழைப்பது இந்த ஊருக்குப் புதிதல்ல. இன்று இந்தியத் தூதர்கள் விஞ்ஞான ஒப்பந்தங்களுக்காக நாடு நாடாகப் பேசி வருகிறார்கள். வாஷிங்டன், மாஸ்கோ, டோக்கியோ, பெர்லின் ஆகிய இடங்களில் இந்தியத் தூதரகங்களில் விஞ்ஞானத்திற்கென்றே ஆலோசகர் பதவிகள் உண்டு. இதே வேலைக்கு இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே இங்கிருந்து ஆள் அனுப்பியவர் திப்பு.

வெர்சேல்ஸ் சென்ற தூதர்கள்

1787 ஜூலையில் புதுச்சேரியிலிருந்து மூன்று தூதர்கள் கப்பலேறினார்கள். மறு ஆண்டு ஆகஸ்டில் வெர்சேல்ஸ் அரண்மனையில் பிரெஞ்சு மன்னர் பதினாறாம் லூயியைக் கண்டார்கள். அவர்கள் கேட்டது ஆங்கிலேயருக்கு எதிரான ராணுவ உதவி மட்டுமல்ல. பீரங்கி வார்ப்பவர்கள், கடிகாரம் செய்பவர்கள், கண்ணாடி, பீங்கான் தொழிலாளர்கள், நெசவாளர்கள், வைத்தியர்கள், செடி வகைகள் என்று பட்டியல் நீண்டது. ராணுவ உடன்பாட்டுக்கு மன்னர் நயமாக மறுத்துவிட்டார். தொழிலாளர்கள் சிலரை மட்டும் அனுப்பி வைத்தார்.

அந்தத் தூதில் ஒரு குறை இருந்தது. தொழில் தெரிந்தவர்களை இங்கே வரவழைக்கக் கேட்டார்களே தவிர, இங்கிருந்து இளைஞர்களை அனுப்பித் தொழிலைக் கற்று வரச் செய்வது அந்தத் தூதின் நோக்கமாக இல்லை. வந்தவர் திரும்பிப் போனால் தொழிலும் அவரோடு போய்விடும்.

1797-ல் மொரீஷியஸுக்கு அனுப்பிய தூது இன்னும் மோசமாக முடிந்தது. ரகசியமாக இருக்க வேண்டிய பேச்சை, அந்தத் தீவின் பிரெஞ்சு கவர்னர் மாலர்டிக் 1798 ஜனவரியில் பகிரங்க அறிக்கையாகவே வெளியிட்டுவிட்டார். வந்து சேர்ந்ததோ சுமார் நூறு பேர். அந்த அறிக்கையையே காரணம் காட்டி கவர்னர் ஜெனரல் வெல்லெஸ்லி படை திரட்டினார். 1799 மே 4-ந் தேதி கோட்டை வீழ்ந்தது.

கை மாறிய ராக்கெட்டு

இரும்புக் குழாயில் மருந்தடைத்து மூங்கிலில் கட்டிய மைசூர் ராக்கெட்டுகள், 1780-ல் காஞ்சிபுரத்தை அடுத்த பொள்ளிலூர்ப் போரில் ஆங்கிலப் படையைக் கலங்கடித்தவை. அந்தப் போர்க் காட்சியை இவ்வூர் தரியா தவுலத் மாளிகைச் சுவரில் இன்றும் காணலாம். கோட்டை வீழ்ந்த பின் ராக்கெட்டுகள் இங்கிலாந்து போயின. உல்விச் ஆயுதச் சாலையில் வில்லியம் காங்கிரீவ் அவற்றை ஆராய்ந்து, சில ஆண்டுகளிலேயே தம் பெயரில் புதிய ராக்கெட்டு செய்துவிட்டார். தூதரும் இல்லை, ஒப்பந்தமும் இல்லை. தோற்றவனின் தொழில் அறிவு வென்றவன் கைக்குப் போனது.

கற்றவர் கையில் நின்றது

சுதந்திர இந்தியா வேறு வழியைப் பிடித்தது. 1974-ல் பிரெஞ்சு நிறுவனம் ஒன்றுடன் செய்த ஏற்பாட்டின்படி, இந்திய எஞ்சினீயர்கள் பிரான்சுக்கே சென்று ‘வைகிங்’ எஞ்சின் வேலையில் பங்கு கொண்டார்கள். அந்த உழைப்பே தொழில்நுட்பத்துக்கு விலையாயிற்று. அவர்கள் கற்று வந்ததுதான் இன்று நம் ராக்கெட்டுகளில் எரியும் ‘விகாஸ்’ எஞ்சின்.

கிரயோஜெனிக் எஞ்சின் விஷயத்தில் வேறு அனுபவம். 1991-ல் ரஷ்யாவின் கிளாவ்காஸ்மாஸ் நிறுவனத்துடன் ஒப்பந்தம் ஆனது. ஏவுகணைத் தொழில்நுட்பக் கட்டுப்பாட்டைக் காட்டி 1992-ல் அமெரிக்கா தடை விதித்தது. 1993-ல் ரஷ்யா பின்வாங்கி, செய்து முடித்த எஞ்சின்களைத் தருவோம், செய்முறையைத் தர மாட்டோம் என்றது. பிறகு நம்மவர்களே முயன்றார்கள். திருநெல்வேலி மாவட்டம் மகேந்திரகிரியில் சோதனைகள் நடந்தன. 2010-ல் முதல் முயற்சி தோற்றது. 2014 ஜனவரி 5-ந் தேதி இந்திய எஞ்சினுடன் ஜி.எஸ்.எல்.வி. ராக்கெட்டு வெற்றி கண்டது.

அதே 2014 செப்டம்பரில் அமெரிக்க ‘நாசா’வும் ‘இஸ்ரோ’வும் கூட்டாகச் செயற்கைக்கோள் செய்ய ஒப்பந்தமிட்டன. 2023 ஜூனில், சந்திரப் பயணம் பற்றிய ‘ஆர்ட்டெமிஸ்’ உடன்பாட்டில் வாஷிங்டனில் கையெழுத்திட்டவர் இந்தியத் தூதர் தரண்ஜித் சிங் சந்து. 2025 ஜூலை 30-ந் தேதி ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ‘நிசார்’ செயற்கைக்கோள் புறப்பட்டது. அதன் இரண்டு ராடார்களில் ஒன்று அவர்களுடையது, மற்றொன்று நம்முடையது. சுமந்து சென்றதோ, எந்த எஞ்சினின் செய்முறையை நமக்குக் கிடைக்கவிடாமல் அமெரிக்கா தடுத்ததோ அந்த வகை எஞ்சின் பொருத்திய நம் ராக்கெட்டு! இதை அமெரிக்காவின் மனமாற்றம் என்று மட்டும் சொல்லிவிட முடியாது. நம் கையில் கொடுக்கச் சரக்கு இருந்தது; ஆகவே சமமாக உட்கார்ந்து பேச முடிந்தது.

கவனிக்க வேண்டியது

2025 ஜனவரியில் பெங்களூரில் அமெரிக்கத் துணைத் தூதரகம் திறக்கப்பட்டது. சுவிட்சர்லாந்து, விஞ்ஞானத் தொடர்புக்கென்றே அங்கே ஒரு தூதரகப் பிரிவு நடத்துகிறது. இந்தியாவும் பிரான்சும் கூட்டாக ஏற்படுத்திய ஆராய்ச்சி நிலையம் 1987 முதல் இயங்குகிறது. திப்புவின் தூதர்கள் கப்பலேறி அப்போது சரியாக இருநூறு ஆண்டுகள் ஆகியிருந்தன.

ஆக, ஒப்பந்தங்களுக்குக் குறைவில்லை. தலைவர்கள் கைகுலுக்கும் படம் வெளிவரும்போது, வாசகர்கள் அதற்குக் கீழே இரண்டு விஷயங்களைத் தேடிப் பார்க்க வேண்டும். முதலாவது, வருவது செய்முறையா, வெறும் இயந்திரமா என்பது. இரண்டாவது, கற்றுக்கொள்ள எத்தனை பேருக்கு இடம் என்பது. பெங்களூர், மைசூர்த் தொழிற்சாலைகளை நம்பிப் பிழைக்கும் தமிழ்க் குடும்பங்கள் ஏராளம். ஐ.டி.ஐ. முடித்துப் பயிற்சிக்கு மனுப் போட்டுக் காத்திருக்கும் பிள்ளைகளுக்கும் இந்த ஒப்பந்தங்களில் இடம் கிடைத்தால்தான், அந்நியர் போன பிறகும் தொழில் இங்கே நிற்கும். கேட்டு வாங்க வேண்டிய பொறுப்பு தூதர்களுடையது. அதை அவர்களிடம் கேட்க வேண்டிய பொறுப்பு மக்களுடையது.