பல்லும் ஜலமும்

"பல்லுக்கு நல்லது என்கிறீர்களே, ஸார், நம் ஊர்க் குழாய்த் தண்ணீரிலும் புளோரைடைக் கலந்துவிட்டால் என்ன?" என்று வகுப்பில் ஒரு பையன் கேட்டான். கன்னத்தில் கையை வைத்துக்கொண்டே கேட்டான். சொத்தைப் பல்லின் வலி அவனைத் தர்க்க சாஸ்திரியாக்கிவிட்டது!

கேள்வி நியாயமானதே. அமெரிக்காவில் கிராண்ட் ராப்பிட்ஸ் என்னும் நகரில் 1945-ஆம் வருஷம் ஜனவரி 25-ந் தேதி குடிநீரில் புளோரைடைக் கலக்க ஆரம்பித்தார்கள். பத்து லக்ஷம் பங்கு ஜலத்துக்கு ஒரு பங்கு, அவ்வளவுதான். பதினோரு வருஷம் சென்று பார்த்தபோது, அதன்பின் பிறந்த குழந்தைகளிடம் சொத்தை 60 சதவிகிதத்துக்கு மேல் குறைந்திருந்தது.

கானடாவிலுள்ள கால்கரி நகரசபை 2011-ல் இந்த ஏற்பாட்டை நிறுத்தியது. சில வருஷங்களில், இரண்டாம் வகுப்புக் குழந்தைகளில் நூற்றுக்கு 65 பேருக்குப் பால்பல் சொத்தை. கலப்பதை நிறுத்தாத எட்மன்டன் நகரிலோ 55 பேருக்கே. கால்கரி ஜனங்கள் 2021-ல் வோட்டளித்து, 2025-ல் மறுபடியும் கலக்கச் செய்தார்கள். அதே வருஷம் அமெரிக்காவில் யூட்டா, புளோரிடா ராஜ்யங்கள் கலக்கக் கூடாதென்று சட்டம் செய்தன! பற்பசை எங்கும் பரவிவிட்டபடியால் பலன் முன்போல் பெரிதல்ல என்பதும் உண்மை. அங்கே சிபார்சு செய்யப்படும் அளவும் 2015-ல் லிட்டருக்கு 0.7 மில்லிகிராமாகக் குறைந்தது.

ஆனால் நம் தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கங்களில் நிலைமை நேர்மாறு. பாறையிலிருந்தே புளோரைடு கிணற்றில் ஊறுகிறது. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேற்பட்ட ஜலத்தை வருஷக்கணக்கில் குடித்தால், பல்லில் பழுப்புக் கறை படியும். மிக அதிகமானால் எலும்பு இறுகி முதுகும் வளையும். அதனால்தான் 2013-ல் ஒகேனக்கல்லிலிருந்து காவேரி ஜலம் அங்கே கொண்டுவரப்பட்டது. ஓரிடத்தில் கலக்க வேண்டிய பொருளை மற்றோரிடத்தில் விலக்க வேண்டியிருக்கிறது.

ஆகவே, கலப்பதா விலக்குவதா என்பது இரண்டாவது கேள்வி. நம் ஜலத்தில் எவ்வளவு இருக்கிறது என்பதே முதல் கேள்வி. கண்ணுக்கும் நாக்குக்கும் இது தெரியாது. காய்ச்சினாலும் போகாது, நீர் சுண்டச் சுண்டச் செறிவு கூடவே செய்யும். குடிநீர் வடிகால் வாரியத்தின் பரிசோதனைச் சாலையில் கொடுத்துத்தான் அறிய வேண்டும். குழந்தைகளுக்குப் பற்பசை பட்டாணியளவு போதும். விழுங்காமல் துப்பப் பழக்க வேண்டும்.

இவ்வளவும் சொல்லி முடித்தேன். "அப்படியானால் என் பல்?" என்றான் பையன். "மிட்டாயைக் குறைத்துவிட்டு வைத்தியரிடம் போ" என்றேன். அந்த யோசனை அவனுக்கு அவ்வளவாக ருசிக்கவில்லை. ஆனால் மறுநாள் காலை, கிணற்று ஜலத்தை ஒரு புட்டியில் நிரப்பிக்கொண்டு வந்து நின்றான். பாடம் வீண் போகவில்லை.