பிளாஸ்க்கில் வந்த ஹருவான் சூப்

“மிஸ்ஸி, ஒரு கரண்டியாவது கொடுக்கக் கூடாதா?”

பிளாஸ்க்கும் கையுமாகக் கட்டிலருகே நின்றார் அந்த அம்மா. ஆப்பரேஷன் காயம் ஆற ஹருவான் மீன் சூப்தான் நம் வீடுகளில் முதல் மருந்து. ஆனால் அவர் கணவருக்கு வாய்வழி உணவை டாக்டர் நிறுத்தியிருந்தார்.

குடல் அறுவை சிகிச்சைக்குப் பின் சிலருக்குக் குடலில் துளை விழுந்து, அங்கிருந்து தோல் வரை ஒரு கள்ளவழி உண்டாகிவிடும். ‘ஃபிஸ்டுலா’ என்போம். சாப்பிடுவது காயத்தின் வழியே வெளியேறும். உணவைச் செரிக்கும் அதே நீர் தோலையும் அரிக்கும். ஒரு நாளில் 500 மில்லிலிட்டரைத் தாண்டினால் அது பெருங்கசிவு. இவருக்குக் கட்டுப் போட்ட சற்று நேரத்திலேயே நனைந்துவிடும். வாடைக்குக் கூச்சப்பட்டு, “பேத்தியைக் கூட்டி வராதே” என்று சொல்லிவிட்டார்.

அதன் பிறகுதான் எதிர்மறை அழுத்தக் கருவியைப் பொருத்தினோம். காயத்தில் ஸ்பாஞ்ச், மேலே காற்றுப் புகாத ஒட்டுத்தாள், அதிலிருந்து ஒரு குழாய், உறிஞ்ச ஒரு பம்பு. சாதாரணக் காயத்துக்குப் பெரும்பாலும் 125 மில்லிமீட்டர் பாதரச அளவில் வைப்போம். குடல் தெரியும் காயத்தில் அப்படிக் கண்ணை மூடிக்கொண்டு வைக்க முடியாது. ஸ்பாஞ்ச் நேரே குடலைத் தொட்டால் இன்னொரு துளை விழலாம். அதனால் குடல் மேல் ஒட்டாத மெல்லிய படலம் விரித்து, துளையைச் சுற்றி வரம்பு கட்டி, கசிவைத் தனிப் பைக்குத் திருப்பினோம். அழுத்தத்தை டாக்டர் முடிவு செய்தார். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை எல்லாவற்றையும் பிரித்து மாற்ற வேண்டும்.

“இந்த மெஷின் ஓட்டையை அடைச்சிடுமா?” என்று கேட்டார் அம்மா.

அடைக்கும் என்று என்னால் வாக்குக் கொடுக்க முடியவில்லை. அது காயத்தைச் சுருக்கும், தோலைக் காக்கும். சில துளைகள் தாமாக மூடும். மூடாதவற்றுக்கு மறுபடியும் அறுவை சிகிச்சை. அதற்குப் பல மாதம் பொறுக்க வேண்டும். அதுவரை கிருமி தொற்றாமலும் உடம்பு இளைக்காமலும் பார்த்துக்கொள்வதே பாதி வைத்தியம்.

தொங்கிய வெள்ளைப் பையைக் காட்டினேன். “நீங்க சூப்புல கொடுக்க நினைச்ச சத்து, இப்ப ரத்தக்குழாய் வழியா இறங்குதும்மா.”

ஞாயிற்றுக்கிழமை பேத்தி வந்தாள். துளை இன்னும் மூடவில்லை. ஆனால் கட்டு நனையவில்லை, வாடையும் இல்லை. தாத்தாவே கட்டிலில் நகர்ந்து அவளுக்கு இடம் விட்டார்.

உங்கள் வீட்டிலும் ஒருவர் இப்படிப் படுத்திருந்தால், பிளாஸ்க்கைத் திறக்கும் முன் ஒரு வார்த்தை எங்களைக் கேளுங்கள். கோபிக்க மாட்டோம்.