உடைந்த விமானம்

வானொலி அலையால் இயக்கப்படும் மாதிரி விமானம் தரையில் மோதி உடைந்தால், அதற்குரியவர் முதலில் தேடுவது பசையையே. மீண்டும் பறக்கவிடும் ஆவல் இயல்பானது. ஆயினும், காரணம் அறியாமல் ஒட்டுதல் செப்பனிடுதல் ஆகாது. மின்கலம் வலுவிழந்ததா, சுக்கான் எதிர்த்திசையில் திரும்பியதா, இறக்கை முறுக்கேறியிருந்ததா என்று துண்டுகளை அள்ளுமுன் ஆராய்தல் வேண்டும். ஒட்டிய பின்னும் ஆய்வு தேவை. வாற்பகுதியில் பூசிய பசைக்கும் எடை உண்டு. அதனால் எடைமையம் பின்னே நகருமாயின், பழுதற்றதாகத் தோன்றும் விமானமும் நிலைதடுமாறி வீழும்.

அமெரிக்கரான மேனார்டு ஹில், 5 கிலோகிராமுக்கு மேற்படாத மாதிரி விமானங்களை அட்லாண்டிக் பெருங்கடலைக் கடக்க விடுத்தார். முன்னே சென்றவை கரை சேரவில்லை. 2003 ஆகஸ்டில், ஐந்தாம் எண்ணைத் தாங்கிய விமானம் நியூபவுண்டுலாந்திலிருந்து ஏறத்தாழ 39 மணி நேரம் பறந்து அயர்லாந்தில் இறங்கியது. அப்பொழுது அவருக்கு வயது 77. கண்பார்வையும் மிகக் குன்றியிருந்தது.

கடலில் மறைந்த விமானத்தை எடுத்து ஆராய்தல் அரிது. காலடியில் கிடப்பதை ஆராய்தல் எளிது. அவ்வெளிய செயலையும் செய்யாதவர், பசையோடு பழைய பிழையையும் சேர்த்தே ஒட்டுகின்றனர்.