கைகளா, காவலா? அமெரிக்க உதைபந்தாட்டத்தின் வீரர் தெரிவு எழுப்பும் வினா

ஏப்ரல் மாத இறுதி நெருங்கும்போதெல்லாம் வட அமெரிக்காவின் விளையாட்டுப் பக்கங்களை ஒரே விவாதம் நிறைத்துவிடுகிறது. அமெரிக்க உதைபந்தாட்டக் கழகங்கள், பல்கலைக்கழகங்களிலிருந்து வரும் இளைஞர்களுள் எவரை, எந்த நிலைக்கு, முதலில் தெரிவுசெய்ய வேண்டும் என்பதே அது. ஒன்ராறியோ மாகாணத்தில் வாழும் எம் குடும்பங்களுக்கு இது தொலைதூர விவகாரமன்று. வின்சர் நகரின் ஆற்றங்கரையில் நின்றால் எதிரே தெரிவது டெற்றோயிற். பஃபலோ பில்ஸ் அணி 2008 முதல் 2013 வரை ஆண்டுக்கு ஓர் ஆட்டத்தை ரொறன்ரோவிலேயே ஆடியது. எம் பிள்ளைகள் பாடசாலையிலும் உணவு மேசையிலும் இதைப் பற்றி வாதிடுகின்றனர். பெற்றோருக்கோ, முட்டை வடிவப் பந்துக்காக மோதிக்கொள்ளும் முரட்டு ஆட்டம் என்பதற்கு அப்பால் எதுவும் புலப்படுவதில்லை. ஆனால் இந்தத் தெரிவு முறை சற்று உற்றுநோக்கத் தக்கது. வரையறுத்த வளத்தை வைத்திருக்கும் ஒரு நிறுவனம் எதை முதலில் வாங்குகிறது, எதைப் பின்னால் தள்ளுகிறது, அதன் விலையை யார் கொடுக்கிறார் என்பதை இதைப்போல் வெளிப்படையாகக் காட்டும் இடம் வேறு அதிகமில்லை.

தெரிவு முறையின் தோற்றம்

'டிராஃப்ட்' எனப்படும் இம்முறையை 1935ஆம் ஆண்டில் முன்மொழிந்தவர் பிலடெல்பியா ஈகிள்ஸ் கழகத்தின் உரிமையாளராயிருந்த பேர்ட் பெல். பணமும் புகழும் கொண்ட சில கழகங்களே சிறந்த இளைஞர்களை அள்ளிச் சென்றதால் ஏனைய கழகங்கள் நலிந்தன. எனவே முந்தைய பருவகாலத்தில் ஆகக் கடைசியில் வந்த கழகம் முதலில் தெரிவுசெய்யும் என விதி வகுத்தனர். 1936 பெப்ரவரியில் பிலடெல்பியாவில் முதல் தெரிவு நடைபெற்றது. அதில் முதலாவதாகத் தெரிவான ஜே பெர்வாங்கர் இந்த லீக்கில் ஓர் ஆட்டமேனும் ஆடவில்லை என்பது வரலாற்றின் குறும்பு.

இன்று 32 கழகங்கள் ஏழு சுற்றுகளில் தெரிவுசெய்கின்றன. தெரிவுசெய்யப்படும் இளைஞனுக்குத் தன் கழகத்தையோ நகரையோ தேர்ந்துகொள்ளும் உரிமை இல்லை. 2011ஆம் ஆண்டின் கூட்டு ஒப்பந்தத்தின்பின் அவனது தொடக்க ஊதியமும் தெரிவு வரிசையின்படியே பெரும்பாலும் தீர்மானிக்கப்படுகிறது. இந்தக் கடைசி விதியே எமது விவாதத்தின் திறவுகோல். ஐந்தாவதாகத் தெரிவாகுபவர் எந்த நிலையில் ஆடுபவராயினும் முதல் நான்கு ஆண்டுகளுக்கு ஏறத்தாழ ஒரே செலவுதான். ஆகவே கழகங்கள் கேட்கும் கேள்வி: அதே விலைக்கு எந்த நிலை அதிக பயன் தரும்?

ஒரு நிலையைப் பொறுத்து ஐயத்துக்கு இடமில்லை. 'குவாட்டர்பக்' எனப்படும், பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவர் இல்லாத அணி எழுந்து நிற்பதில்லை. 2024ஆம் ஆண்டில் முதல் பன்னிரண்டு தெரிவுகளுள் ஆறு இந்நிலையினருக்கே சென்றன. சிக்கல் தொடங்குவது அதன் பின்னரே. எறிபவர் கிடைத்துவிட்டார். அடுத்து வேண்டியது அவர் எறிவதை ஏந்தும் கைகளா, அல்லது அவர் எறியும்வரை அவரைக் காத்து நிற்கும் ஐவர் கொண்ட காப்பு வரிசையா?

2021: சின்சினாற்றியின் தேர்வு

இவ்வினா மிகத் தெளிவாக எழுந்த இடம் சின்சினாற்றி. 2019ஆம் ஆண்டுப் பருவகாலத்தில் இரண்டே வெற்றிகளுடன் கடைசியில் நின்ற பெங்கல்ஸ் அணி, 2020இன் முதலாவது தெரிவாக லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஜோ பரோவைப் பெற்றது. அவர் பத்து ஆட்டங்களே ஆடினார். அப்பத்து ஆட்டங்களில் பந்தை எறியுமுன்னரே 32 முறை வீழ்த்தப்பட்டார். நவம்பர் 22ஆம் நாள் வாஷிங்டன் அணிக்கு எதிரான ஆட்டத்தில் அவரது முழங்கால் முறுக்குண்டு தசைநார்கள் கிழிந்தன. பருவகாலம் அவருக்கு அத்துடன் முடிந்தது.

2021இல் ஐந்தாவது தெரிவு பெங்கல்சின் கைக்கு வந்தபோது இருவர் எஞ்சியிருந்தனர். ஒருவர் ஜமார் சேஸ், பந்தை ஏந்துபவர், பல்கலைக்கழகத்தில் பரோவுடன் ஒன்றாக ஆடி 2019ஆம் ஆண்டுப் பருவகாலத்தின் தேசியப் பட்டத்தை வென்றவர். மற்றவர் பெனே சூவெல். அமெரிக்க சமோவா தீவில் பிறந்து, 2012இல் குடும்பத்துடன் யூற்றா மாநிலத்துக்குப் பெயர்ந்தவர். ஓரெகன் பல்கலைக்கழகத்தில் காப்பு வரிசையின் ஓரத்தில் நின்று நாட்டின் சிறந்த வரிசை வீரருக்கான விருதைப் பெற்றவர்.

காவலை வேண்டியோரின் வாதம் எளிமையானது. முழங்காலில் சத்திரசிகிச்சை செய்துகொண்ட எறிபவரை மீண்டும் அதே ஓட்டை வரிசையின் பின்னால் நிறுத்துவது விவேகமாகாது. கைகளை வேண்டியோரின் வாதமும் வலுவற்றதன்று. காப்பு வரிசை ஐவரின் கூட்டு வேலை. ஒருவரைத் திருத்தினால் பலவீனம் அடுத்தவரிடம் இடம்பெயரும். ஏந்துபவரோ தனியொருவராகவே ஆட்டத்தைத் திருப்பக்கூடியவர். வரிசை வீரர்களை இரண்டாம் சுற்றிலும் சந்தையிலும் பெறலாம். பெங்கல்ஸ் இவ்வாதத்தை ஏற்றுச் சேசைத் தெரிவுசெய்தது. இரண்டாம் சுற்றில் ஒரு வரிசை வீரரை எடுத்தது. அவர் எதிர்பார்த்தபடி நிலைபெறவில்லை. சூவெலை ஏழாவதாக டெற்றோயிற் லயன்ஸ் பெற்றுக்கொண்டது.

விளைவும் அதன் விலையும்

முதல் ஆண்டின் விளைவு கைகளின் பக்கமே நின்றது. சேஸ் 1,455 யார் தூரத்துக்குப் பந்தேந்தி ஆண்டின் சிறந்த புதுமுகத் தாக்குதல் வீரரானார். 31 ஆண்டுகளாக இறுதிச் சுற்றில் ஒரு வெற்றியையும் காணாத அணி, 2022 பெப்ரவரி 13ஆம் நாள் சுப்பர் போல் ஆட்டத்தில் நின்றது. தெரிவை எதிர்த்தோர் வாயடைத்துப் போயினர்.

ஆயினும் கணக்கின் மறுபக்கத்தையும் நாம் வாசிக்க வேண்டும். அப்பருவகாலத்தில் பரோ 51 முறை வீழ்த்தப்பட்டார். லீக்கில் வேறெவரும் அத்தனை முறை வீழவில்லை. இறுதிச் சுற்றின் நான்கு ஆட்டங்களில் மேலும் 19 முறை. ரெனசி ரைற்றன்ஸ் அணிக்கு எதிரான ஒரே ஆட்டத்தில் ஒன்பது முறை வீழ்ந்தும் 19-16 என வென்றது அவரது மனவலிமையின் சான்று. அணியமைப்பின் சான்றாக அதைக் கொள்ள முடியாது.

லொஸ் ஏஞ்சலிஸ் ராம்ஸ் அணிக்கு எதிரான சுப்பர் போலின் கடைசித் தருணம் இவ்விவாதம் முழுவதையும் ஒரு காட்சிக்குள் அடக்கிவிட்டது. பெங்கல்ஸ் மூன்று புள்ளிகளால் பின்தங்கியிருந்தது. நான்காவது முயற்சி; தேவை ஒரு யார். சேஸ் தம் எதிர்க் காவலரைத் தாண்டித் திறந்த வெளியில் ஓடிக்கொண்டிருந்தார். ஆனால் ராம்சின் ஆரன் டொனால்ட் வரிசையை ஊடறுத்துப் பரோவைப் பற்றிச் சுழற்றினார். பந்து இலக்கின்றி நிலத்தில் விழுந்தது. ஆட்டம் 23-20 என முடிந்தது. ஏந்த வேண்டிய கைகள் உரிய இடத்தில் இருந்தன. எறிவதற்கான இரண்டு விநாடிகளே இல்லாது போயின.

இங்கே நேர்மையாக ஒன்றைச் சொல்ல வேண்டும். டொனால்ட் நுழைந்தது நடுவரிசை ஊடாக. சூவெல் ஆடுவது வரிசையின் ஓரத்தில். அவர் அன்று அங்கிருந்தாலும் அந்த ஒரு தருணம் மாறியிருக்கும் என எவராலும் அறுதியிட்டுக் கூற முடியாது. ஆனால் எமது கேள்வி ஒரு தருணத்தைப் பற்றியதன்று. காவல் என்பதை மீதியாக வருவதைக் கொண்டு நிரப்பிக்கொள்ளலாம் என்ற எண்ணத்தைப் பற்றியது.

டெற்றோயிற் கற்ற பாடம்

அந்த எண்ணத்தை நீண்ட காலம் பரிசோதித்த நகரம் ஆற்றுக்கு அப்பால் இருக்கிறது. லயன்ஸ் அணி 2003, 2004, 2005, 2007 ஆகிய நான்கு ஆண்டுகளிலும் தனது முதல் தெரிவைப் பந்தேந்துபவர்களுக்கே செலவிட்டது. 2008இல் அது ஆடிய பதினாறு ஆட்டங்களிலும் தோற்றது. அந்நால்வருள் ஒருவரான கல்வின் ஜோன்சன் உண்மையிலேயே பெருவீரர். 2012இல் 1,964 யார் ஏந்தி அவர் லீக் சாதனை படைத்தார்; அவ்வாண்டு அணி வென்றவை நான்கே ஆட்டங்கள். அவர் முப்பதாவது வயதில் ஓய்வுபெற்றார். இறுதிச் சுற்றில் ஒரு வெற்றியையும் அவர் காணவில்லை.

2021இல் லயன்ஸ் வேறு வழியில் சென்றது. சூவெலைத் தெரிவுசெய்த அந்த ஆண்டு அது மூன்று வெற்றிகளே பெற்றது; எவரும் வியக்கவில்லை. ஆனால் அவரையும் ஏற்கெனவே இருந்த வரிசை வீரர்களையும் கொண்டு தாக்குதல் அமைப்பு எழுப்பப்பட்டது. வேறு கழகம் வேண்டாமென அனுப்பிவிட்ட எறிபவரான ஜாரெட் கோவ், அவ்வரிசையின் பின்னால் மறுவாழ்வு பெற்றார். 2023ஆம் ஆண்டுப் பருவகாலத்தில் லயன்ஸ் 32 ஆண்டுகளின் பின் இறுதிச் சுற்றில் வென்றது. 2024இல் 17 ஆட்டங்களில் 15ஐ வென்றது. சின்சினாற்றியில் சேஸ் 2024இல் 127 முறை பந்தேந்தி, 1,708 யார் கடந்து, 17 தடவை எல்லை தொட்டு மூன்றிலும் முதலிடம் பெற்றார். அவரது அணியோ 2023இலும் 2024இலும் இறுதிச் சுற்றுக்கே செல்லவில்லை.

இவ்வேறுபாட்டுக்குக் காப்பு வரிசை மட்டுமே காரணம் எனல் நீதியாகாது. 2024இல் பெங்கல்சின் தடுப்பணி பலவீனமாயிருந்தது. பரோவின் மணிக்கட்டு 2023 நவம்பரிலும் கால்விரல் 2025 செப்ரெம்பரிலும் காயமுற்று அவரை நீண்ட காலம் விலக்கி வைத்தன. லயன்சும் இன்னும் பட்டம் வெல்லவில்லை. ஆயினும் ஒரு போக்கு தெரிகிறது. சிறந்த கைகள் அணியின் உச்சத்தை உயர்த்துகின்றன. சிறந்த காவல், அணி எவ்வளவு கீழே விழலாம் என்பதற்கு எல்லை போடுகிறது.

சந்தை சொல்வது என்ன?

இதற்கு மறுப்பாகச் சந்தையின் தீர்ப்பைக் காட்டுவோர் உளர். சூவெல் 2024இல் நான்கு ஆண்டுகளுக்கு 112 மில்லியன் டொலர் ஒப்பந்தம் பெற்றார். சேஸ் 2025இல் நான்கு ஆண்டுகளுக்கு 161 மில்லியன் பெற்றார். விலை உயர்ந்ததை மலிவாகப் பெறும் வாய்ப்பே தெரிவு முறை எனில், சின்சினாற்றி செய்தது சரிதானே என்கின்றனர். முதல் நான்கு ஆண்டுகளுக்கு இவ்வாதம் செல்லும். அதன்பின் சலுகை முடிந்துவிடுகிறது. 2023இல் பரோவுடன் ஐந்து ஆண்டுகளுக்கு 275 மில்லியன் ஒப்பந்தம் செய்த கழகம், சேசுக்கும் அத்தொகையைக் கொடுத்தபின் ஏனைய நிலைகளுக்கு எஞ்சியதைப் பகிர வேண்டியிருக்கிறது. ஏனெனில் ஒவ்வொரு கழகத்தின் மொத்த ஊதியத்துக்கும் உச்சவரம்பு உண்டு.

மேலும், தெரிவாளர்களின் தன்னம்பிக்கையை அப்படியே நம்பவும் கூடாது. பொருளியல் நோபல் பரிசு பெற்ற ரிச்சர்ட் தேலரும் கேட் மாசியும் செய்த ஆய்வின்படி, ஒரே நிலையில் அடுத்தடுத்துத் தெரிவாகும் இருவருள் முன்னவர் பின்னவரை விஞ்சுவதற்கான வாய்ப்பு 52 விழுக்காடே. நாணயம் சுண்டுவதைவிடச் சற்றே மேல். 2000ஆம் ஆண்டில் ரொம் பிரேடி 199ஆவதாகத் தெரிவானதை யார் மறப்பர்? எனவே ஒரு வீரரில் அனைத்தையும் வைப்பதிலும் பல தெரிவுகளைச் சேர்த்து வரிசையைக் கட்டுவது அறிவார்ந்தது. ஐவர் கொண்ட வரிசைக்கு இது இருமடங்கு பொருந்தும்.

எமது முடிவு

நம்பத்தக்க எறிபவர் இல்லாத அணி அவரைத் தேடட்டும். அவரைப் பெற்றுவிட்ட அணி, கைகளை நாடுமுன் காவலை அமைக்க வேண்டும் என்பதே எம் கருத்து. தகுதியில் பெரும் இடைவெளி இருப்பின் விதிவிலக்கு உண்டு. சேஸ் அவ்விதிவிலக்குக்கு உரியவர் என வாதிடுவோரை நாம் அறிவிலிகள் எனக் கூறோம். ஆனால் அவ்வாறு தெரிவோர், காவலுக்கான திட்டத்தையும் அதே நாளில் மேசையில் வைக்கக் கடமைப்பட்டவர்கள். பெங்கல்ஸ் வரிசையைச் சந்தையில் வாங்கத் தீவிரமாக முனைந்தது 2022இல். அதற்குள் நூறுக்கும் மேற்பட்ட தடவைகள் அந்த இளைஞன் நிலத்தில் வீழ்த்தப்பட்டிருந்தான்.

இங்கேதான் விளையாட்டுப் பக்கங்கள் சொல்லத் தயங்கும் செய்தி இருக்கிறது. தெரிவு மேசையில் அமர்ந்திருப்போர் தவறினால் அவர்கள் இழப்பது ஆட்டங்களையும், சிலவேளை பதவியையும். கழகத்தைத் தேரும் உரிமையற்று அங்கு அனுப்பப்பட்ட இருபத்துமூன்று வயது இளைஞன் இழப்பது முழங்காலை. அவனைக் காப்பதற்கு எவ்வளவு செலவிடுவது என்பதை அவன் முடிவு செய்வதில்லை. பந்தேந்துபவரின் பெயர் முதுகில் பொறித்த சட்டைகள் கடைகளில் விற்றுத் தீர்கின்றன. வரிசை வீரரின் சட்டையைக் கேட்டு வாங்குவோர் சிலரே. அந்த வேறுபாடு தெரிவு அறைக்குள்ளும் நுழைந்துவிடக் கூடாது என்பதே எமது வேண்டுகோள்.

அடுத்த தெரிவு நாளில் பிள்ளைகள் தொலைக்காட்சியின் முன் அமர்ந்து வாதிடும்போது, பெற்றோர் அவர்களிடம் ஒரு கேள்வியைக் கேட்கலாம்: உங்கள் அணியில் பந்தை எறிபவரின் முன்னால் நிற்கும் ஐவரின் பெயர்கள் என்ன? விடை சொல்லத் தெரிந்த பிள்ளைக்கு இந்த ஆட்டம் உண்மையில் விளங்கியிருக்கிறது என நாம் கொள்ளலாம்.