ஆரவல்லி: 100 மீட்டர் உயரம் இல்லையென்றால் மலை இல்லையா?

டெல்லியில் வேலை பார்க்கிறீங்களா? ஞாயிறு காலையில் ஆபீஸ் நண்பர்களோடு சஞ்சய் வனத்துக்கோ அசோலா பட்டி சரணாலயத்துக்கோ நடைப்பயணம் போயிருப்பீங்க. நீங்க ஏறிய அந்த மேடு, ஆரவல்லி மலைத்தொடரின் வடகோடி. ஊட்டி, கொடைக்கானல் பார்த்த நமக்கு ‘இதெல்லாம் ஒரு மலையா?’ என்றுதான் தோன்றும். அந்தக் கேள்விதான் உச்ச நீதிமன்றம் வரை போனது.

என்ன நடந்தது?

சுற்றியுள்ள நிலத்தைவிட 100 மீட்டராவது உயர்ந்திருந்தால்தான் ஆரவல்லி மலை என்ற வரையறையை, 2025 நவம்பர் 20 அன்று நீதிமன்றம் ஏற்றது. எதிர்ப்பு கிளம்பியது. டிசம்பர் 29 அன்று நீதிமன்றமே அந்த உத்தரவை நிறுத்திவைத்தது.

இதில் என்ன பிரச்சினை?

பாலைவனப் புழுதியைத் தடுப்பதிலும், மழைநீரை நிலத்துக்குள் இறக்குவதிலும் குட்டைக் குன்றுகளுக்கும் பங்கு உண்டு. வரையறைக்கு வெளியே போனால், அங்கே சுரங்கம் வந்துவிடும் என்பதுதான் அச்சம்.

அசோலாவுக்குச் சரணாலயம் என்ற பாதுகாப்பு இருக்கு. ஹரியானா, ராஜஸ்தானில் உள்ள எல்லாக் குன்றுகளுக்கும் அது கிடையாது. சுரங்கம் என்ன செய்யும் என்று பார்க்க ரொம்ப தூரம் போக வேண்டாம். அசோலாவில் நீங்க செல்ஃபி எடுத்த நீலி ஜீல் ஏரியே பழைய சுரங்கக் குழிதான்.