புதிய எல்லை: யாருக்குப் புதிது?

சின்ஜியாங்! சீனப் பெருநாட்டின் பரப்பில் ஆறில் ஒரு பங்கு. பாலைவனமும் பனிமலையும், பருத்தி வயலும் எண்ணெய்க் கிணறும் கொண்ட பூமி. அந்தப் பெயருக்குச் சீன மொழியில் என்ன பொருள், தெரியுமா தோழர்களே? 'புதிய எல்லை' என்று பொருள். மஞ்சு மன்னராட்சி 1884 இல் அதை ஒரு மாகாணமாக்கியபோது நிலைநாட்டிய பெயர் அது.

யாருக்குப் புதிது என்று கேட்கிறோம். பாட்டன் பூட்டன் காலந்தொட்டு அந்த மண்ணை உழுது, அங்கேயே பிறந்து, அங்கேயே மடியும் உய்குர் மக்களுக்கா புதிது? வந்தவனுக்குப் புதிது, இருந்தவனுக்கு அது தாய்வீடு!

இதை நாம் சொன்னால், எட்ட நின்று பேசுகிறோம் என்பார்கள். ஆனால் ஆளும் பேரினமாம் ஹான் இனத்திலே பிறந்த ஓர் எழுத்தாளரே சொன்னார். வாங் லிஷியோங் என்பது அவர் பெயர். 1953 இல் பிறந்தவர். 'என் மேற்கு நிலம், உன் கிழக்குத் துருக்கிஸ்தான்' என்பது 2007 இல் தைவானில் வெளிவந்த அவரது நூலின் பெயர். மண் ஒன்று, பெயர் இரண்டு. தலைப்பிலேயே வழக்கு விளங்கிவிடுகிறது!

அந்த நூல் பிறந்த இடம் நூலகமல்ல, சிறைக்கொட்டடி. 1999 இல் சின்ஜியாங்கைப் பற்றி எழுதச் செய்தி திரட்டப் போனவரை, அரசாங்க இரகசியத்தைத் திருடியதாகக் குற்றஞ்சாட்டிப் பிடித்தார்கள். 42 நாள் அடைத்து வைத்தார்கள். 'எங்களுக்கு உளவு சொல்லும் ஆளாக இரு' என்று நெருக்கினார்கள். அந்த இழிவுக்கு இணங்குவதைவிட உயிரை விடுவதே மேல் என்று அவர் துணிந்தார், ஆனால் பிழைத்துக்கொண்டார். அதே கொட்டடியில் உய்குர் இளைஞர் ஒருவரும் கைதியாக இருந்தார். ஊர் ஊராகச் சுற்றியும் காதில் விழாத உண்மை, கம்பிக்குப் பின்னால் விழுந்தது. விடுதலைக்குப் பின் அந்த நண்பரை மீண்டும் மீண்டும் தேடிச் சென்று, அவர் மனம் திறந்து சொன்னதையெல்லாம் நூலாக்கினார் வாங்.

என்ன கண்டார் அங்கே? கணக்கே பேசட்டும். 1953 இல் எடுத்த குடிக்கணக்கில் அங்கே நூற்றுக்கு எழுபத்தைந்து பேர் உய்குர்கள். ஹான்கள் ஆறு பேர். 2020 கணக்கில் உய்குர்கள் 45, ஹான்கள் 42! தானாக நடந்ததா இது? 1954 இல் 'உற்பத்தி, கட்டுமானப் படை' என்றொரு அமைப்பை நிறுவினார்கள். ஒரு கையில் மண்வெட்டி, மறு கையில் துப்பாக்கி. படைவீரர்களைக் குடியானவர்களாக்கி, பண்ணையும் ஆலையும் நகரமும் எழுப்பினார்கள். வளர்ச்சி வந்தது, மறுக்கவில்லை. அந்த வளர்ச்சியின் சாவி யார் மடியில் என்பதுதான் கேள்வி.

'சுயாட்சி கொடுத்திருக்கிறோமே' என்பார்கள் பெய்ஜிங் ஆட்சியாளர்கள். சுயாட்சி என்ற சொல்லின் எடை நமக்குத் தெரியும். ஆகவே உரசிப் பார்ப்போம். பிரதேச அரசின் தலைவர் அந்த மண்ணின் இனத்தவராக இருக்க வேண்டும் என்கிறது சட்டம். சரி, ஆட்டிவைக்கும் அதிகாரம் யாரிடம்? கட்சிச் செயலாளரிடம். திபெத் 1965 இல் சுயாட்சிப் பிரதேசமானது. அதன் கட்சித் தலைமைச் செயலாளராக ஒரு திபெத்தியர்கூட அமர்ந்ததில்லை. நாற்காலி ஒருவருக்கு, நாட்டாண்மை வேறொருவருக்கு!

பொதுவுடைமைக் கொள்கையோடு நமக்குப் பகையில்லை. பாட்டாளியின் கண்ணீரைத் துடைக்கும் எந்தக் கையையும் நாம் மதிப்போம். அந்த மதிப்போடுதான் நினைவூட்டுகிறோம்: 1931 இல் ஜியாங்சி மலைப்பகுதியில் சீனக் கம்யூனிஸ்டுகள் வகுத்த அரசியல் சட்டம், சிறுபான்மைத் தேசிய இனங்களுக்குப் பிரிந்து போகும் உரிமையே உண்டு என்றது. 1954 இன் சட்டமோ, சுயாட்சிப் பகுதிகள் பிரிக்கவொண்ணாத அங்கங்கள் என்றது. காட்டில் இருந்தபோது ஒரு சட்டம், கோட்டைக்கு வந்தபின் ஒரு சட்டம்!

வாங் பிரிவினை கேட்டவரல்லர். தலாய் லாமாவோடு பேசுங்கள், உண்மையான சுயாட்சி கொடுங்கள் என்றுதான் எழுதினார். 2008 இல் லாசா கொந்தளித்தபோது, ஒருபக்கப் பிரசாரத்தால் இனப்பகையை வளர்க்காதீர் என்று பன்னிரண்டு யோசனைகளை முன்வைத்த அறிவாளர்களுள் முன்னின்றவர் அவர்.

அவர் எழுதியதெல்லாம் வேதவாக்கு என்று நாம் சொல்லவில்லை. பண்பாட்டுப் புரட்சியில் திபெத்தியரும் தங்கள் மடங்களைத் தாங்களே இடித்தார்கள், கடவுளின் இடத்தில் மாவோவை வைத்தார்கள் என்று அவர் எழுதியபோது, திபெத்திய வரலாற்றாசிரியர் த்செரிங் ஷாக்யா 2002 இல் கடுமையாக மறுத்தார். அடக்கியாண்டவன் கண்ணால் அடங்கியவனைப் பார்க்காதே என்றே இடித்துரைத்தார். நல்லவர் பார்வையிலும் பேரினத்தின் தூசி படியும்! அதனால்தான், அடிபட்டவன் பேச நாம் அமர்ந்து கேட்க வேண்டும் என்கிறோம். சிறைக் கொட்டடியில் வாங் செய்தது அதுதான்.

வெறுப்பை விதைத்தால் இரு இனமும் அறுக்கும் என்று அந்த நூலில் எச்சரித்தார். இரண்டே ஆண்டுகள், 2009 ஜூலையில் உரும்சி வீதிகளில் இரத்தம் ஓடியது. அரசுக் கணக்கின்படியே 197 பேர் மாண்டனர், அவர்களுள் பெரும்பாலோர் ஹான்கள். எச்சரித்தவரைத் துரோகி என்றார்களே, யார் துரோகி? தன் இனத்தின் உயிரையும் காக்கத்தானே அவர் கத்தினார்!

ஆட்சி பாடம் கற்றதா? இல்லை. இரு இனமும் பேசிப் பழக வழிதேடிய உய்குர் பொருளியல் பேராசிரியர் இல்ஹாம் தோஹ்திக்கு 2014 இல் ஆயுள் சிறை. 2017 முதல் உய்குர் மக்களைப் பெருந்திரளாக முகாம்களில் அடைத்து, 'தொழிற்பயிற்சி' என்று பெயர் சூட்டினார்கள். அது மானிட இனத்துக்கெதிரான குற்றமாகவும் அமையலாம் என்றது ஐ.நா. மனித உரிமை அலுவலகம், 2022 இல். உள் மங்கோலியாவில் 2020 இல் மூன்று பாடங்களிலிருந்து தாய்மொழியை அகற்றினார்கள். பெற்றோர் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்ப மறுத்தார்கள். அந்தப் பெற்றோரின் நெஞ்சம் நமக்குப் புரியாதா?

பேரினத்தில் பிறப்பது குற்றமன்று. தன் இனத்தின் பேரால் அநீதி நடக்கும்போது வாய் பொத்தி நிற்பதே குற்றம். வாங் லிஷியோங் வாய் பொத்தவில்லை. அடக்குவோர் இனத்திலிருந்து அப்படி ஒருவர் எழும்போது, அவர் எந்த நாட்டினராயினும், எந்தக் கொடியின் கீழ் வாழ்பவராயினும், அவரை நம்மவர் என்றே அழைப்போம்!